உருப்படியும் நீலக் கேன்களும்

மூடியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு பாட்டிலைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். அப்புறம் விரல் முட்டியால் இரண்டு தட்டு. துணி சோப்பு வாசனை வந்தால் அது தோளில் தொங்கும் சாக்குக்குள் போகும். பூச்சிமருந்து வாசனை வந்தால் மூடியை இறுக்கி, யார் காலிலும் படாமல் ஓரமாக வைத்துவிட்டு, கையை அலையில் கழுவிக்கொண்டு வருவார்.

"மீனுக்கு நம்மளவிட மூக்கு ஜாஸ்தி தம்பி. மருந்து டப்பாவை மிதவையா கட்டினா அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காது."

கடலிலிருந்து வந்து, மீனை மனைவியிடம் ஒப்படைத்த கையோடு அவர் கிளம்பிவிடுவார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய குப்பை, கரை நெடுகக் கோடு போட்டது போலக் கிடக்கும். அந்தக் கோட்டின் மேலேயே நடப்பார். தலை குனிந்தபடி, ஏதோ தொலைத்தவரைப் போல. புதிதாகப் பார்க்கிறவர்கள் "என்ன தொலைஞ்சுபோச்சு?" என்று கேட்பார்கள். அவருக்கு அந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் தெரிந்ததில்லை. "இன்னும் தெரியலை, கிடைச்சாத்தான் தெரியும்" என்பார்.

கையில் எது கிடைத்தாலும் தூக்கிப் பிடித்து, "இது ஒரு உருப்படி" என்பார். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே உருப்படி. 'நீ எங்கே உருப்படப்போறே' என்று சின்ன வயதில் அவரை ஓயாமல் திட்டிய அப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரா, தலையில் அடித்துக்கொண்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

நான் கரைக்கு மேலே இருக்கிற தெருவில் குடியிருப்பவன். ஒரு பத்திரிகைக்குப் பிழை திருத்திக் கொடுப்பது என் வேலை. காலையில் கண்ணுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று கடலைப் பார்க்க இறங்குவேன். கடலைவிட இவரைப் பார்த்ததுதான் அதிகம்.

அவர் காலில் இரண்டு செருப்பு இருக்கும். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. இரண்டுமே இடது கால் செருப்பு. அதனால் வலது பாதம் எப்போதும் சற்று வெளியே எட்டிப்பார்த்தபடி நடக்கும். "இந்தக் கரையில கடல் இடது செருப்பாவே கொண்டாந்து போடுது. வலதெல்லாம் எங்கே போகுதுன்னு புரியலை. எதிர்க்கரையில எவனோ ஒருத்தன் ரெண்டு வலது செருப்போட நடந்துக்கிட்டிருப்பான், பாவம்" என்பார்.

அவர் படகில் ஏறினால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. எல்லாமே வேறு ஏதோவாக இருந்தவை. சலவைத்தூள் டப்பாவைக் குறுக்கே சீவி, தண்ணீர் இறைக்க வைத்திருப்பார். நங்கூரம், பெயின்ட் வாளிக்குள் சிமென்ட் ஊற்றி இறுக வைத்தது. உட்காருவது கால் போன நாற்காலி. வலை பின்னும் ஊசியை மாணவர்களின் அடிக்கோலைச் செதுக்கிச் செய்திருப்பார். பக்கவாட்டில் இன்னும் எண்கள் அழியாமல் இருக்கும். வலையின் மேல்கயிறு நெடுக, பழைய செருப்பின் அடிப்பாகத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கோத்த மிதவைகள். தூண்டிலில் மினுக்குவதற்குப் பிஸ்கட் உறையைக் கிழித்துக் கட்டியிருப்பார். "மீன் பசிக்குக் கடிக்கிறதில்லை. என்னதான் இருக்குன்னு பாக்கத்தான் கடிக்குது. என்னை மாதிரி."

வீட்டிலும் அதே கதை. கட்டிலுக்கு அடியில் பாட்டில்கள். கதவுக்குப் பின்னால் கயிற்றுச் சுருள்கள். ஒரு தடவை அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு டம்ளரை வைக்க இடம் தேடி, கடைசியில் என் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். "இவரைக் கல்யாணம் பண்ணப்போ தனிக்குடித்தனம்னு சொன்னாங்க. இப்போ கடல்ல இருக்கற மொத்தக் குடித்தனமும் இங்கேதான் இருக்கு" என்று அவர் சொன்னபோது உருப்படி தலையை ஆட்டி ஆமோதித்தார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அந்தக் கரையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொழில் செய்கிறார்கள். சாயங்காலம் போய் வலையை இறக்குவார்கள். வலையின் இரண்டு முனையிலும் அடையாளத்துக்குப் பெரிதாக ஒரு மிதவை. விடிந்ததும் போய், தன் மிதவையைத் தேடிப் பிடித்து, வலையை மேலே தூக்கி, மீனைக் கழற்றிக்கொண்டு, வலையை அதே இடத்தில் இறக்கிவிட்டு வருவார்கள். மிதவைதான் பெயர்ப்பலகை. கரையில் கிடைத்ததை ஆளாளுக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். ஒருவருக்குச் சிவப்பு எண்ணெய் டின். இன்னொருவருக்குக் காற்றுப் பாதி போன கால்பந்து. உருப்படிக்கு, சின்னப் பிள்ளைகள் ஏறி ஆடும் பிளாஸ்டிக் குதிரையின் தலை. அலை மேல் அது தலையை ஆட்டி ஆட்டி நிற்பதை எங்கிருந்தாலும் பார்க்கலாம். "என் குதிரை என்னைத் தேடும், நான் அதைத் தேடவேண்டியதில்லை" என்பார்.

அந்தக் கால்பந்துக்காரர் இவருடைய சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. கொல்லைக் கதவைத் திறந்தால் அக்கா தங்கை இருவரும் ஒரே சமையலறையில் இருப்பது போலத்தான். ஆனால் ஆண்கள் இருவரும் பல வருடமாகப் பேசுவதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்.

ஒரு புயலுக்கு மறுநாள், ஆழ்கடல் கப்பல்கள் பயன்படுத்துகிற பெரிய ஆரஞ்சு மிதவை ஒன்று கரை ஒதுங்கியிருக்கிறது. பூசணிக்காய் அளவு. உடையாதது. இருவரும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தபோதுதான் பார்த்தார்கள். "நான்தான் முதல்ல பாத்தேன்" என்றார் உருப்படி. "நான்தான் முதல்ல தொட்டேன்" என்றார் சகலை. பார்த்தது பெரிதா, தொட்டது பெரிதா என்று இருவரும் மணலில் நின்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்கள். கத்தி முடித்துக் கீழே பார்த்தால் மிதவையைக் காணோம். அலை எடுத்துப் போனதா, மூன்றாவது ஆள் எவனாவது எடுத்துப் போனானா, இன்றுவரை தெரியாது. இல்லாத மிதவைக்காக இருவரும் முகம் திருப்பிக்கொண்டவர்கள்தான்.

இந்த நிலைமையில்தான் நீலக் கேன்கள் வந்தன.

மழைக்காலத்தின் கடைசியில் எங்கோ தூரத்தில் ஒரு கப்பல் காற்றில் மாட்டிப் பெட்டிகளைக் கடலில் கொட்டிவிட்டது என்று சொன்னார்கள். ஒரு காலை நான் ஜன்னலைத் திறந்தபோது மணலே தெரியவில்லை. கரை முழுக்க நீலம். ஒவ்வொன்றும் தலையணை அளவு. கைப்பிடி, மூடி, எல்லாம் புத்தம் புதிது. யாரோ அதிகாரிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு, "உரியவங்க வந்து எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உரியவர் என்று யாரும் வரவில்லை. அன்றைக்கு ஊரில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. கடல்தான் ஊருக்கு வந்திருந்ததே.

உருப்படி ஒரு கேனை எடுத்து மூடியைத் திறந்து மோந்தார். மறுபடியும் மோந்தார். என்னிடம் நீட்டினார். "ஏதாவது மணக்குதா?"

"ஒண்ணும் இல்லையே அண்ணே."

"அதான் எனக்கும். ஒண்ணுமே மணக்கலை." அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. யாரும் குடித்திராத, எதுவும் ஊற்றியிராத ஒரு டப்பாவை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஆனாலும் ஊரே அள்ளுகிறபோது சும்மா நிற்க முடியுமா? அவரும் அள்ளினார்.

அவர் மனைவிக்குத்தான் அன்று கொண்டாட்டம். "கடலே புதுசா வாங்கிக் குடுத்திருச்சுல்ல? இனிமே இந்தப் பழைய குப்பை எதுக்கு?" என்று கேட்டார். உருப்படி யோசித்தார். பதில் கிடைப்பதற்குள் பழைய சாமான் வண்டிக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். கட்டிலடி காலியாயிற்று. கதவு முழுதாகத் திறந்தது. குதிரைத் தலை வண்டியின் உச்சியில் ஏறிப் போனதைப் பார்த்து, "அதுக்கும் வயசாச்சு" என்று மட்டும் சொன்னார். ஊரில் மற்றவர்களும் அப்படித்தான் எண்ணெய் டின்னையும் கால்பந்தையும் கழற்றிப் போட்டார்கள்.

அடுத்த சில நாளில் கடலில் எல்லா வலைக்கும் நீலக் கேன்.

இதில் இரண்டு சங்கடம் இருந்தது. நீலக் கடலில் நீல மிதவை தெரியாது என்பது ஒன்று. இத்தனை பேரில் ஒருவருக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை. தெரிந்தாலும் யாருடையது என்று தெரியாது என்பது இரண்டு. முதல் நாளே இரண்டு பேர் ஒரே வலையை ஆளுக்கொரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் முட்டிக்கொண்டார்கள்.

பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். அந்தக் கேனில் பெயின்ட் ஒட்டவில்லை. வெயிலில் தோல் உரிவது போல உரிந்து வந்தது. துணி கட்டலாம் என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். எந்தத் துணி தூரத்துக்குத் தெரியும் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக யோசித்து, எல்லோரும் சிவப்பே கட்டிக்கொண்டு வந்தார்கள். கத்தியால் கீறி அடையாளம் போட்டார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. அதிலும் உருப்படி தன் மாமனாரின் படகில் இருந்த அடையாளத்தைக் கீறினார். இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. சகலைக்கும் அவர்தானே மாமனார்? அவரும் அதையே கீறியிருந்தார். பேச்சுவார்த்தை இல்லாததால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பனி இறங்கிய ஒரு விடியலில் அது நடந்தது.

உருப்படி தன் வலை இருக்கும் திசைக்குத் துடுப்புப் போட்டார். திசை என்று நினைத்த பக்கத்துக்கு என்று சொல்ல வேண்டும். பனியில் ஒரு நீலக் கேன் தெரிந்தது. கையில் எடுத்தார். இரண்டு கோடு, ஒரு புள்ளி. இழுத்தார். கனத்தது. அந்தப் பருவத்திலேயே யாருக்கும் அப்படி ஒரு மீன்பாடு வந்ததில்லை. வலை முழுக்க மத்தி. வெள்ளியைக் கொட்டிக் கோத்த மாதிரி. கழற்றிக் கழற்றி விரல் மரத்துப்போகும் அளவுக்கு. வலையை மறுபடி இறக்கிவிட்டு, படகு தாழத் தாழக் கரைக்கு வந்தார். சந்தைக்குக் கொடுத்தது போக வீட்டுக்கு, தெரிந்தவர்களுக்கு, எனக்கும்கூட ஒரு பை. அன்று தெருவே அவர் மீனைத் தின்றது.

மறுநாள் பனி இல்லை. போனார். தன் வலை தான் போட்ட இடத்திலேயே இருந்தது. தூக்கினால் நாற்றம். முந்தின நாள் எடுக்காத மீன் ஊறி, நண்டு தின்று, எலும்பும் தோலுமாகத் தொங்கியது. அப்படியானால் நேற்று இழுத்தது?

அன்று அவர் கரைக்கு வந்த விதத்தை நான் பார்த்தேன். படகை மேலே ஏற்றாமல், அலையில் ஆடவிட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். குப்பைக் கோட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, நேத்து நாம தின்னோமே, அது யாரோட மீனு?"

அதற்குப் பிறகு அவர் வாயில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. வலையை எடுப்பதும் இறக்குவதும் போக மிச்ச நேரமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டார். நண்டு பிடிக்கிறவர் சிரித்துவிட்டார். "அண்ணே, அன்னிக்கு நான் யார் வலையை இழுத்தேன்னே எனக்குத் தெரியாது. உங்களுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" ஐஸ் உடைக்கிற கொட்டகைக்கு எதிர்வீட்டுக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னய்யா, என்னைத் திருடன்கிறியா?"

"இல்லப்பா. நான் திருடனான்னு கேக்கறேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷயம் இதுதான்: அந்தப் பனி நாளில் பலர் பலருடைய வலையை இழுத்திருந்தார்கள். தெரிந்தும் தெரியாமலும். தோண்டினால் எல்லோர் வீட்டுச் சட்டியிலும் அடுத்தவன் மீன் இருக்கும். அதனால் ஒருநாள் மதியம் ஐஸ் கொட்டகையில் எல்லோரும் கூடி, போனது போகட்டும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம், இனிமேல் பார்த்து இழுப்போம் என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் எழுந்தபோது உருப்படி மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"எனக்கு யார்னு தெரிஞ்சாகணும்."

"தின்னது செரிச்சிருச்சில்ல?"

"இல்லையே. அதானே சொல்றேன்."

கொட்டகையே சிரித்தது. கடைசி வரிசையில் நின்ற சகலை மட்டும் சிரிக்கவில்லை. அவர் வெளியே போய்விட்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவர் மனைவி, "ஊரே விட்டுருச்சு. நீ மட்டும் எதுக்குத் தொங்கிக்கிட்டிருக்கே? வாயை மூடிக்கிட்டு வலையைப் பாரு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் அவசரமாகவே சொல்வார் என்று இப்போது யோசிக்கும்போது தோன்றுகிறது.

ஒரு மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலடி காலியாகி, அறை பெரிதாகி, பேசினால் எதிரொலித்தது. அவர் கிழிந்த வலையை மடியில் போட்டு, அடிக்கோல் ஊசியால் பின்னிக்கொண்டிருந்தார்.

"நீங்க தப்புக் கண்டுபிடிக்கற ஆளுதானே தம்பி? இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு இழுத்தப்போ வலையில மிதவை வட்டமா இருந்துச்சு. நான் வெட்டறது சதுரம். கண்ணு பாத்துச்சு. பாத்ததும் மனசு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'ஒருவேளை அந்தச் செருப்பை மட்டும் நாம வட்டமா வெட்டியிருப்போம்'னு சொல்லுச்சு. நான் எப்பவாவது வட்டமா வெட்டியிருக்கேனா?"

"பனியில யாருக்கும்..."

"பனி வெளியிலதானே இருந்துச்சு? கை வலையிலதானே இருந்துச்சு? கைக்குத் தெரிஞ்சிருக்கும். முடிச்சு வேற மாதிரி இருந்திருக்கும். ஆனா மீன் அவ்வளவு இருந்துச்சு தம்பி. இல்ல, கைக்கே தெரியலையா? தெரிஞ்சு எடுத்தா திருட்டு. தெரியாம எடுத்தா தவறு. தெரிஞ்சுச்சா தெரியலையான்னே தெரியாம எடுத்தா, அதுக்கு என்ன பேரு?"

வருடக்கணக்காகப் பிழை திருத்துகிறேன். ஒருவர் தன் தவறைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு என்ன எழுத்து என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது கொல்லைக் கதவு வழியாக அவர் மைத்துனி, சகலையின் மனைவி, கையில் ஒரு சல்லடையோடு வந்தார். கொடுக்க வந்தாரோ வாங்க வந்தாரோ. இவர் பேசியதில் கடைசிப் பகுதி காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இன்னுமா மாமா இதையே பேசிக்கிட்டிருக்கீங்க? எங்க வலைதான் அது."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. "ஏண்டி, உன்னால சும்மாவே இருக்க முடியாதா?" என்று மனைவி ஓடிவந்தார்.

உருப்படியின் ஊசி வலையில் பாதி நுழைந்தபடி நின்றது. மைத்துனியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எதை முதலில் கேட்பது என்று தெரியாமல், என்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"உங்க வலையா?"

"ஆமா மாமா."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காரு. பனி லேசா விலகுனப்போ கொஞ்ச தூரத்துல நீங்க இழுத்துக்கிட்டிருந்தீங்களாம். இழுத்து முடிக்கற வரைக்கும் படகுல உக்காந்திருந்துட்டு வெறுங்கையோட வந்தாரு."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே!"

"சத்தம் குடுத்தா பேசின மாதிரி ஆயிடும்ல?" சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்வது போலச் சொன்னார்.

உருப்படி மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்."

"நான் வீடு வீடா நாய் மாதிரி அலைஞ்சேனே!"

"சொன்னா நீ போய் அவர்கிட்ட பேசணும். நீ பேசமாட்டே. பேசாம இங்கே உக்காந்து புழுங்குவே. அதுக்கு அலைஞ்சா காலாவது நல்லாயிருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவர் வெகுநேரம் தேடினார். கிடைத்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் தன் வலையில் வந்ததில் நல்ல மீனாகப் பொறுக்கி, ஒரு கூடை நிறைய, கொல்லைக் கதவு வழியாக அனுப்பினார். கூடை அப்படியே திரும்பி வந்தது. "அவரு வேண்டாம்னுட்டாரு" என்றார் மைத்துனி.

"வேண்டாம்னா எப்படி வேண்டாம்? கோவத்துல வேண்டாமா, பரவாயில்லைன்னு வேண்டாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்தான் மாமா. அதுல என்ன ரகம் இருக்கு?"

அவருக்கு இருந்தது. குப்பைக் கோட்டில் என்னோடு நடக்கும்போது மறுபடி மறுபடி அதையே பிரித்துப் பார்த்தார். "அன்னிக்கு அவன் விட்டுக்குடுத்தானா, இல்ல வேடிக்கை பாத்தானா? விட்டுக்குடுத்திருந்தா அவன் பெரிய மனுஷன். நான் சின்னவனாயிட்டேன். வேடிக்கை பாத்திருந்தா, எவ்வளவு தூரம் போறேன்னு பாத்திருக்கான். அப்பவும் நான்தான் சின்னவன். எப்படிப் போட்டாலும் கணக்கு என் பக்கமே வந்து விழுது." குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மோந்து பார்க்க மறந்து சாக்குக்குள் போட்டார்.

அதன் பிறகுதான் அந்தப் புதுப் பழக்கம் வந்தது. கடலில் எந்தக் கேனைப் பிடித்தாலும் இழுக்கமாட்டார். கயிறோடு அதை எடுத்து, படகில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். நாலு பக்கமும் மெதுவாகத் திரும்பிக் காட்டுவார். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கத்தலாம். யாரும் கத்தவில்லை என்றால் உட்கார்ந்து இழுப்பார். பக்கத்துப் படகுகளில் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகியது. "அண்ணன் கோப்பை வாங்கிட்டாருடா!" என்று துடுப்பைத் தட்டுவார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேறு வழி அவருக்குத் தெரியவும் இல்லை.

போன வாரம் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். நான் அந்தக் கால் போன நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தேன். வெயில் அப்போதுதான் சாய்வாக விழுந்தது. தண்ணீரும் நீலம், வானமும் நீலம், நடுவில் எங்கெங்கோ கேன்கள். அவர் ஒன்றைப் பிடித்தார். இரண்டு கோடு, ஒரு புள்ளி. கயிறு கனத்துத் தொங்கியது. உள்ளே மீன் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

எழுந்து நின்று தூக்கிக் காட்டினார். கிழக்கே ஒருவருமில்லை. வடக்கே நண்டுக்காரர், எடுத்துக்கோங்க என்று தலையாட்டினார். தெற்குப் பக்கம் திரும்பினார். தூரத்தில் ஒரே ஒரு படகு. அதில் உட்கார்ந்திருந்த ஆள் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்த விதத்திலேயே சகலை என்று தெரிந்துவிட்டது.

அந்த ஆள் ஒரு கையைத் தூக்கினார். அசைத்தார்.

உருப்படி கேனை இறக்கவில்லை. "தம்பி, பாத்தீங்களா? கை காட்டறான்."

"பாத்தேன் அண்ணே."

"இழுங்கறானா, விடுங்கறானா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கை மறுபடியும் அசைந்தது. முன்னுக்கா, பின்னுக்கா? வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. எனக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னேன்.

"இவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு வார்த்தை சொல்றான். அதுவும் புரியற மாதிரி சொல்லமாட்டேங்கறானே!" அவர் குரலில் எரிச்சல் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. கேனைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றார். கை வலித்திருக்கும். அந்தப் படகில் இருந்தவரும் உட்காரவில்லை.

"எத்தனை நேரம்தான் நிக்கறது அண்ணே? எடுத்துடுங்களேன். உங்களுதாத்தான் இருக்கும்."

"இருக்கும்தான்" என்றார். "போன தடவையும் இருக்கும்னுதான் எடுத்தேன்."

கேனைக் குனிந்து தண்ணீரில் வைத்தார். போடவில்லை. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல, சத்தமில்லாமல் வைத்தார். கயிறு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. துடுப்பை எடுத்தார். படகின் மூக்கு சுற்றித் தெற்கே திரும்பியது.

கொஞ்ச தூரம் துடுப்பு வலித்தார். பிறகு என்னிடமா, தன்னிடமா என்று தெரியாதபடி கேட்டார். "என்னன்னு கூப்பிடறது? முன்னாடி சகலைன்னுதான் கூப்பிடுவேன். இப்பவும் அதையே கூப்பிடலாமா? எடுத்ததும் சகலைன்னா இளிக்கற மாதிரி இருக்காது?"

"அப்படியே கூப்பிடுங்க அண்ணே. அவர் உங்க சகலைதானே?"

"அது தெரியுது" என்றார், தெரியாதவரைப் போல.

அந்தப் படகு பெரிதாகிக்கொண்டே வந்தது. முகம் தெரிகிற தூரம். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவர் கூப்பிடவில்லை. துடுப்பு வலிப்பதை நிறுத்தினார். படகு தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. துடுப்பை மடியில் கிடத்திவிட்டு, மீன் செதில் ஒட்டிய, நான் ஒருநாளும் மூடிப் பார்த்திராத தன் சட்டையின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.